பிரீமியம் நம்ம காசு. கம்பெனி கவிழ்ந்தா பொறுப்பு யாரு?



நம்ம வரிச்சிக்குடியில் பல வீட்டு பீரோவுக்குள்ள ஒரு பாலிசி பத்திரம் இருக்கும். நெல்லு போட்ட காசு, மீன் வித்த காசு, சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பின காசு... மிச்சம் பிடிச்சு கட்டுறோம். "எனக்கு ஒண்ணு ஆனாலும் புள்ளைங்க நடுத்தெருவில் நிக்கக் கூடாது"ங்கிற ஒரே எண்ணம்தான்.

சரி, நமக்கு ஒண்ணு ஆனா கம்பெனி கொடுக்கும். அந்தக் கம்பெனிக்கே ஒண்ணு ஆனா?

வெறும் பயமுறுத்தல் இல்லை இது. சஹாரா லைஃப் கதையைப் பாருங்கள்.

👉 2017 ஜூன்: நிர்வாகத்தின் மீது நம்பிக்கை இழந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், தன் அதிகாரி ஒருவரை உள்ளே அமர்த்தியது. புதுப் பாலிசி விற்கவும் தடை.
👉 2017 ஜூலை: ஐசிஐசிஐ புருடென்ஷியலிடம் ஒப்படைக்க உத்தரவு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018 ஜனவரியில் அதை ரத்து செய்தது.
👉 2023 ஜூன்: சுமார் 2 லட்சம் பாலிசிகளை எஸ்பிஐ லைஃபுக்கு மாற்ற உத்தரவு. சில நாளிலேயே அதற்கும் தீர்ப்பாயம் தடை போட்டது.

ஆறு வருஷம்! கம்பெனியும் ஆணையமும் வக்கீல் வைத்து வாதாடலாம். பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவர் யாரிடம் போய்க் கேட்பார்?

பழைய வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1956-ல் ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமை ஆக்கியபோது நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் சொன்ன முக்கியமான காரணம்: அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் 25 கம்பெனிகள் மூடப்பட்டன, இன்னும் 25 கம்பெனிகளின் பாலிசிகள் மக்களுக்கு நஷ்டத்தோடு கைமாறின. அதனால்தான் 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்ஐசி பிறந்தது. எல்ஐசி பாலிசிக்கு மத்திய அரசே உத்தரவாதம் என்று அந்தச் சட்டத்தின் 37-வது பிரிவு சொல்கிறது.

தனியார் கம்பெனி பாலிசிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பேங்க் திவாலானால் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பு இருக்கு. ஆயுள் காப்பீட்டுக்கு அப்படி ஒண்ணும் இல்லை. அந்நிய முதலீட்டு வரம்பு மட்டும் 26, 49, 74 என்று ஏறி, 2025 பட்ஜெட்டில் 100 சதவீதம் என்று அறிவித்தார்கள். முதலாளிக்குக் கதவு முழுசா திறந்தாச்சு. பாலிசிதாரருக்கு?

"கடன் போக கையில் இருக்கும் உபரி சொத்து, விதிச்ச அளவைப் போல ஒன்றரை மடங்கு இருக்கணும்னு விதி இருக்கே, போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல விதிதான். ஆனா ஜப்பானிலும் விதிகள் இருந்தன. 1997-லிருந்து 2001-க்குள் அங்கே ஏழு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் விழுந்தன. 1998-லேயே பாலிசிதாரர் பாதுகாப்புக்குன்னு தனி அமைப்பு உருவாக்கினாங்க. நாமும் விழுந்த பிறகுதான் யோசிக்கணுமா?

நம்ம கோரிக்கை மூன்று:

1. எல்லா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளும் பணம் போட்டு ஒரு பாதுகாப்பு நிதி. கம்பெனி முடங்கினால் குடும்பத்துக்கு அதிலிருந்து பணம்.
2. முடங்கிய கம்பெனியின் பாலிசிகளை மாற்றுவதற்கும், அதன் மீதான வழக்கை முடிப்பதற்கும் கால வரம்பு.
3. கம்பெனியின் நிதி நிலைமை ஒவ்வொரு பிரீமியம் ரசீதிலும், தமிழில்.

அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது:

✅ கம்பெனி பற்றிக் கெட்ட செய்தி வந்ததுமே பயந்து பிரீமியத்தை நிறுத்தாதீங்க. பாலிசி காலாவதி ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். பாதியில் சரண்டர் செய்தாலும் கட்டினது முழுசா வராது.
✅ ரசீது எல்லாத்தையும் பத்திரமா வையுங்க. நாமினி பெயர் சரியா இருக்கான்னு பாருங்க.
✅ பிரச்சினைன்னா முதலில் கம்பெனிக்கு எழுத்துமூலம் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையா, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்க. கட்டணம் கிடையாது. காரைக்காலுக்குச் சென்னை அலுவலகம்தான். ஆணையத்தின் உதவி எண் 155255.

ஏஜென்ட் அண்ணன்களைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை தோழர்களே. அவங்களும் நம்ம ஊர்க்காரங்கதான், மாசக் கடைசியில் டார்கெட்டுக்கு ஓடுறவங்க. கேள்வி கேட்க வேண்டியது சட்டம் போடுகிறவர்களிடம்.

பீரோவில் இருப்பது ஒரு குடும்பத்தின் நாளைய சோறு. பாலிசி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதைப் பகிருங்கள்!

#பாலிசிதாரர்_பாதுகாப்பு #காரைக்கால்