அன்னாசிக்கு அடிப்படை விலை கோரும் மனு



குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர்த் தோட்டங்களுக்குள் ஊடுபயிராக அன்னாசி பயிரிடும் சிறு விவசாயிகளையும் குத்தகை விவசாயிகளையும் உறுப்பினர்களாகக் கொண்டது இச்சங்கம்.

அன்னாசிக்கு அடிப்படை விலை நிர்ணயிக்க வேண்டும் என்ற முதற்கோரிக்கை புதியதன்று. முன்னர் அளிக்கப்பட்ட மனுக்கள் அனைத்திலும் இதுவே முதலிடம் பெற்றிருந்தும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மேல் விடை வராமையால், அவை படிக்கப்படவில்லை என்று கொண்டு அவற்றின் சாரம் மீண்டும் எழுதப்படுகிறது.

மறுநடவு செய்த ரப்பர் வளர்ந்து நிழல் மூடுவதற்கு முன்னுள்ள மூன்று, நான்கு ஆண்டுகளே அன்னாசிக்கு உரியவை. அதற்குள் நடவுப் பயிரையும், அதன் அடியிலிருந்து கிளைக்கும் மறுதாம்புப் பயிரையும் எடுத்து, குத்தகை, கன்று, உரம், கூலி ஆகிய அனைத்தையும் ஈடுகட்டியாக வேண்டும். எத்திபான் என்னும் பூக்கத் தூண்டும் மருந்தைக் குருத்தில் ஊற்றித் தோட்டம் முழுவதையும் ஒரே காலத்தில் காய்க்கச் செய்வதால் அறுவடை எளிதாகிறது. பழமும் ஒருசேரச் சந்தைக்கு வந்துவிடுகிறது. பறித்தபின் இனிப்பேறும் இயல்பு வாழைக்கு உண்டு, அன்னாசிக்கு இல்லை. ஆகவே காயாகப் பறித்து இருப்பு வைக்கவும் இயலாது, பழுத்ததைச் செடியில் விட்டுவைக்கவும் இயலாது என்பதால், மழைக்காலத்தில் வியாபாரி சொல்வதே விலையாகிறது.

கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருட்களுக்கு அடிப்படை விலையை, அதாவது சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் விவசாயியைக் காக்கும் விலையை, நடைமுறைப்படுத்தியது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட அப்பட்டியலில் அன்னாசிக்குக் கிலோவுக்கு 15 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. எல்லைக்கு இப்பாலும் அதே மொரீசியஸ் இரகம், அதே ஊடுபயிர் முறை. 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின்கீழ் இருந்த பகுதியும் இதுவே. அப்பால் கிடைக்கும் காப்பு இப்பால் மறுக்கப்படுவதற்கு வேளாண்மையில் காரணம் ஏதுமில்லை. நிதிச்சுமை என்ற மறுப்பு எழுமாயின், அங்கு ஒரு விவசாயிக்குப் பருவத்துக்கு 15 ஏக்கர் என வரம்பு விதிக்கப்பட்டிருப்பது சுட்டப்படுகிறது; இச்சங்க உறுப்பினர்களுக்கு அதனினும் குறைந்த வரம்பே போதும்.

விலை அறிவிப்பு மட்டும் வந்து, அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கில், ரப்பர் மட்டுமே பதிவாகுமாயின், அன்னாசி நட்ட குத்தகைதாரருக்கு ஒரு பைசாவும் சேராது. ஊடுபயிரும் அதைப் பயிரிடுபவர் பெயரும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது இக்கோரிக்கையின் பிரிக்க முடியாத பகுதி.

இவையன்றி, நோயற்ற கன்றுகள் மானிய விலையில் வழங்கப்பட வேண்டும். காட்டுப்பன்றிச் சேதத்துக்கு உரிய காலத்தில் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். தோட்டப் பாதைகள் செப்பனிடப்பட வேண்டும்.

முதற்கோரிக்கையை ஏற்பதோ மறுப்பதோ எதுவாயினும், காரணம் குறித்த எழுத்துப்பூர்வமான விடையை அடுத்த நடவுப் பருவத்திற்கு முன் இச்சங்கம் எதிர்பார்க்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்