பாரதியின் பத்து வயதை மறைக்கும் சிறுவர் நூல்கள்



பாரதியின் பிறந்தநாளான டிசம்பர் 11 நெருங்கும்போதெல்லாம் பள்ளிப் போட்டிகளுக்குப் பரிசாகவும் நூலகங்களுக்கு மொத்தமாகவும் வாங்கப்படும் சிறுவர் நூல்கள் பலவற்றில் பாரதியின் இளமை சொல்லப்படும் முறை, படிக்கும் பிள்ளைகளின் அறிவையும் பாரதியின் எழுத்தையும் ஒருசேரத் தாழ்வாக எடை போடுகிறது. ஐந்து வயதில் தாயை இழந்த சுப்பையா, 11 வயதில் எட்டயபுர அரசவையில் புலவர்கள் முன் பாடி ‘பாரதி’ என்ற பட்டம் பெறுகிறான். தன்னை மட்டந்தட்ட ஒருவர் கொடுத்த ஈற்றடியை, அதாவது வெண்பாவின் கடைசி அடியை மட்டும் தந்து மற்ற அடிகளைப் பாடி நிரப்பச் சொல்லும் சவாலை, அவரையே நாணவைக்கும்படி முடித்துக் காட்டுகிறான். அடுத்த பக்கத்தில் முண்டாசு கட்டிவிடுகிறான்.

பாரதி தம் இளமையைத் தாமே எழுதிவைத்திருக்கிறார் என்பதை இந்நூல்கள் மறந்துவிடுகின்றன. 1910இல் வெளிவந்து மறு ஆண்டே ஆங்கில அரசால் தடைசெய்யப்பட்ட ‘கனவு’ என்ற நெடும்பாடல், இன்று ‘சுயசரிதை’ என்ற பெயரில் அவருடைய எந்தத் தொகுப்பிலும் கிடைப்பது. அதில் வரும் சிறுவன் அரசவை வீரன் அல்லன். மற்றப் பிள்ளைகள் மரமேறித் தெருவில் ஆடித் திரிய, தந்தைக்கு அஞ்சிப் புத்தகங்களோடு தனித்துக் கிடந்து தோழமைக்கு ஏங்கியவன். பத்து வயதில் ஒரு சிறுமி மீது அன்பு கொண்டவன். மகன் கணிதமும் ஆங்கிலமும் கற்று உயர வேண்டும் என்று விரும்பிய தந்தையால் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டு, அந்தப் படிப்பைத் தந்தையின் பணத்துக்கும் தன் மனத்துக்கும் நேர்ந்த கேடாகவே பின்னாளில் எண்ணியவன். தந்தை சின்னசாமி ஐயர் செல்வத்தை இழந்து குடும்பம் வறுமையில் விழுந்ததும், மனம் ஒப்பாமலே நடந்த மணமும் அப்பாடலில் வெளிப்படையாக வருகின்றன. அந்த மணம் 1897இல், பாரதிக்கு 14 வயதும் செல்லம்மாவுக்கு 7 வயதும் ஆனபோது நடந்ததாக வரலாற்று நூல்கள் கூற, பாடலோ பன்னிரண்டாம் ஆண்டைச் சொல்கிறது. ஒரு கவிஞரின் நினைவும் அவரைப் பற்றிய ஆவணமும் இப்படி விலகுவதைக் காட்டிக் காரணம் கேட்டால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வெகு ஆர்வமாக வாதாடக்கூடும்.

இவை சிறுவர்க்கு ஏற்றவையல்ல என்ற சமாதானம் நிற்காது. குழந்தைத் திருமணம் குற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பள்ளியிலேயே, அதற்கு உட்பட்ட இரு குழந்தைகளின் கதையை மட்டும் மறைப்பதில் பொருளில்லை. தாகூர் 1940இல், மறைவதற்கு முந்திய ஆண்டில், சிறுவர்க்கென்றே எழுதிய ‘செலேபேலா’ என்ற இளமை நினைவு நூலில், வேலைக்காரர்களின் ஆட்சியில் வளர்ந்ததையும், பிள்ளைகளுக்குரிய உணவில் அவர்களில் ஒருவர் கைவைத்ததையும், பேய்க்கு அஞ்சியதையும், பள்ளிக்கூடத்தை வெறுத்ததையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அதனால் அவர் மதிப்பு வங்கக் குழந்தைகளிடம் குறைந்துவிடவில்லை.

இதனினும் பெரிய குறை, நடந்ததற்குச் சான்றில்லாத உரையாடல்களை மேற்கோள் குறிக்குள் அச்சிடுவது. அரசவையில் யார் என்ன சொன்னார் என்பதை எழுதியவர் கற்பனை செய்யலாம். கற்பனை என்ற குறிப்பில்லாமல் அச்சேறும்போது அது பேச்சுப்போட்டி மேடையில் வரலாறாகவே ஒப்பிக்கப்படுகிறது. ஆகவே பள்ளிகளுக்கு நூல் தேர்ந்தெடுக்கும் குழுக்கள், பாரதியின் இளமையைச் சொல்லும் நூல் எதுவாயினும் அது ‘சுயசரிதை’யைப் பயன்படுத்தியிருக்கிறதா, செவிவழிக் கதையையும் கற்பனைப் பகுதியையும் தனித்துச் சுட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்; ஏற்கெனவே வழங்கப்பட்ட நூல்களுக்கு, அடுத்த பதிப்பில் இந்தத் திருத்தங்களைச் செய்யுமாறு பதிப்பாளர்களிடம் எழுத்து வழியே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்