குரக்கனுக்கு ஏன் இந்த விலை?

பாட்டிமார் அன்றாடம் உண்டதைப் பேரர்கள் மீண்டும் கண்டெடுக்கும்போது அதற்குப் புதுமை என்று பெயரிடுகிறோம். கூடவே விலையையும் ஏற்றிவிடுகிறோம்.

அண்மையில் நண்பர் மூவருடன் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள இயற்கை உணவுச்சாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். குரக்கன் பிட்டும், முருங்கையிலை வறையும், வல்லாரைச் சம்பலும், இலைக்கஞ்சியும் பரிமாறினார்கள். சுவையிலே குறை சொல்வதற்கில்லை. ஆனால், பற்றுச்சீட்டைக் கண்ட நண்பரொருவர், "இது ஏர் பிடித்தவன் உண்ட உணவு, இன்று அவன் இங்கே நுழைய முடியுமோ?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. இதே துறைமுகத்தின் சீனன்குடாக் கரையிலேதான் 1980 முதல் பிறிமா மா ஆலை இயங்கி வருகிறது. கோதுமை விளையாத நம் நாட்டுக்கு அது கப்பலேறி வந்து, மாவாகி, பாணாகிறது. ஏழையின் தட்டிலிருந்து குரக்கனை விரட்டியது பாணின் மலிவே. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே கோதுமை மாவின் விலை தாறுமாறாக ஏறியபோது, அந்த மலிவும் நிலையற்றது என்பதைக் கண்டோம்.

இதற்கு வழி இல்லாமலில்லை. வடக்கிலே விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்களில் உள்ளூர்த் தானியப் பண்டங்கள் எளியோர் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன; சமைப்போர் குடும்பத்துக்கும் அதனால் வருவாய் உண்டு.

உடல்நலம் செல்வர்க்கு மட்டும் உரிய பண்டமாகலாகாது. துறைமுகத் தொழிலாளி காலையிலே ஒரு கோப்பை இலைக்கஞ்சியைத் தேநீரின் விலைக்குப் பெறும் நாளன்றோ இயற்கை உணவு வென்ற நாள்!