முதல் பாலிசி தொழிலாளிக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை பாரம் தூக்கும் கிரேனைப் பயன்படுத்த வேண்டுமானால், தகுதி பெற்ற பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை முழுமையாகச் சோதித்துச் சான்று தர வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த விதி அது. தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.-யின் வரம்புக்குள் வரும் தொழிலாளி அங்கே வேலையின்போது இறந்தால், அவருடைய ஊதியத்தில் 90 விழுக்காடு வரை குடும்பத்துக்கு மாதந்தோறும் வந்துசேரும். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் தென்கோடியில், பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. பிலிம் சிட்டியில், 2020 பிப்ரவரி 19 இரவு ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து விழுந்தது. உதவி இயக்குநர் ஒருவர் உட்பட மூன்று பேர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். கிரேன், உயரச் சாரம், மின்சாரம், வெடிபொருள், இரவுப் பணி என்று தொழிற்சாலைக்குரிய ஆபத்துகள் அத்தனையும் படப்பிடிப்புத் தளத்தில் உண்டு. தொழிற்சாலைக்குரிய பாதுகாப்பு மட்டும் அங்கே தயாரிப்பாளரின் மனம் சார்ந்ததாக இருக்கிறது. இது மாற வேண்டும். தொழிலாளர்களுக்கான காப்பீடு இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தப் படப்பிடிப்பும் தொடங்கக் கூடாது.

படத்துக்குக் காப்பீடு எடுப்பது நம் தயாரிப்பாளர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. 1998-இல் மத்திய அரசு திரைத்துறைக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்ததிலிருந்து, வங்கிக் கடனோடு சேர்ந்து காப்பீடும் பேச்சில் அடிபடத் தொடங்கியது. கதாநாயகன் உடல்நலமின்றிப் படுத்தால் ஏற்படும் நஷ்டம், செட் தீப்பிடித்தால் வரும் இழப்பு, கேமரா சேதம், பதிவான காட்சிகள் அழிவது, மூன்றாம் நபரின் சொத்துக்கு நேரும் சேதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு கிடைக்கிறது. சிக்கல் எதை முதலில் எடுப்பது என்பதில்தான். பட்ஜெட்டை இறுக்க நேர்ந்தால் நடிகரின் கால்ஷீட்டும் போட்ட முதலும் காக்கப்படுகின்றன. லைட்மேன், செட் தச்சர், சண்டைக் கலைஞர், புரொடக்‌ஷன் உதவியாளர் ஆகியோருக்கான பாலிசி பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. முதல் போட்டவர் தன் முதலைக் காப்பதில் தவறில்லை. ஆனால் பணத்தை அடுத்த படத்தில் மீட்டுவிடலாம். சாரத்தில் இருந்து விழுந்தவர் எழுந்து வரமாட்டார். வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது இந்த வேறுபாடுதான்.

விபத்து நடந்தால் நல்ல மனம் படைத்தவர்கள் கொடுத்துவிடுகிறார்களே என்று கேட்கலாம். ‘இந்தியன் 2’ விபத்துக்குப் பிறகு கமல்ஹாசன், இயக்குநர் ஷங்கர், லைகா நிறுவனம் மூன்று தரப்பும் சேர்ந்து 4 கோடி ரூபாயை, ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து ஆகஸ்டில், திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பான பெப்சியின் வழியாகக் கொடுத்தன. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா ஒரு கோடி கிடைத்தது. பாராட்டுக்குரிய செயல். ஆனால் அது பெரிய படம், நாடே பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் தெரியாத ஒரு சின்னப் படத்தில் இதே விபத்து நடந்திருந்தால்? 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் திரைப்படத் தயாரிப்பில் வேலை செய்பவர்களையும் உள்ளடக்கியது. உயிரிழப்புக்கான இழப்பீட்டைக் கணக்கிட, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் ஊதியத்துக்கு 2020-இல் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி 35 வயதுத் தொழிலாளி இறந்தால் அவர் குடும்பத்துக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 14 லட்சத்து 78 ஆயிரம். படம் பாதியில் நின்று, தயாரிப்பாளர் வட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தொகையை யாரிடம் போய்க் கேட்பது? சட்டம் கொடுத்த உரிமை கைக்கு வந்துசேர, பின்னால் ஒரு பாலிசி நிற்க வேண்டும். கொடையாளியின் மனமும் படத்தின் வசூலும் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

ஏதோ ஒரு பாலிசி எடுத்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. 2022 டிசம்பரில் வண்டலூர் அருகே ‘விடுதலை’ படப்பிடிப்பில் கயிறு அறுந்து சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் ‘சர்தார் 2’ தளத்தில் உயரத்தில் இருந்து விழுந்து ஒருவர். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படத்துக்காகக் காரைப் பறக்கவிட்ட காட்சியில் இன்னொருவர். மூவரும் சண்டைக் கலைஞர்கள். ஆனால் சாதாரணத் தனிநபர் விபத்துக் காப்பீடுகளில் ஆபத்தான சாகசங்கள் விலக்குப் பட்டியலில் இருப்பது வழக்கம். எனவே பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் விலக்குகளைப் படிக்க வேண்டும். சண்டைக் காட்சி, உயரப் பணி, வாகனச் சாகசம், இரவு வேலை ஆகியவற்றை முன்கூட்டியே அறிவித்து, அவற்றுக்கும் பொருந்தும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். நாளுக்கொரு தளம் மாறும் தினக்கூலிகளின் பெயரை எப்படிக் கொடுப்பது என்பது பழைய சாக்கு. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியில் வேலைப் பிரிவு, ஆட்களின் எண்ணிக்கை, மொத்த ஊதியம் ஆகியவற்றை அறிவித்துக் காப்பீடு பெற முடியும். அன்றாடம் பேட்டா கொடுக்கக் கணக்கு வைத்திருக்கும் நிர்வாகிக்கு இந்த விவரம் புதிதல்ல.

சிறு தயாரிப்பாளர் தாங்கமாட்டார் என்பது நேர்மையான மறுப்பு. உண்மையில் பெரிய நிறுவனம் விபத்துக்குப் பிறகும் நிமிர்ந்துவிடும். வீட்டை அடகு வைத்துப் படம் எடுப்பவரைத்தான் ஒரே ஒரு இழப்பீட்டு வழக்கு தெருவுக்குக் கொண்டுவரும். அவருக்கே காப்பீடு அதிகம் தேவை. ஒவ்வொருவரும் தனியாகப் பேரம் பேசுவதற்குப் பதில், தயாரிப்பாளர் சங்கமும் பெப்சியும் சேர்ந்து கூட்டுப் பாலிசி ஒன்றைப் பேசி முடித்தால் சுமை பகிரப்படும். காப்பீடு இருந்தால் அலட்சியம் பெருகும் என்பது இன்னொரு வாதம். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்காவில் நீராவிக் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1866-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் தொடங்கிய காப்பீட்டு நிறுவனம் கொதிகலனைச் சோதித்த பிறகே பாலிசி கொடுத்தது. பணம் கொடுக்க வேண்டியவர் கேள்வி கேட்பார். கிரேனுக்குச் சான்று எங்கே, கயிற்றின் தாங்குதிறன் என்ன, ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று படப்பிடிப்புக்கு முன்பே கேட்க ஓர் ஆள் இருப்பது தளத்துக்கு நல்லது.

இதை நடைமுறைப்படுத்த வாய்ப்பு இப்போது திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமையும் என்று தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. அந்த நகரத்தின் குத்தகை விதிகளிலேயே, செல்லுபடியாகும் தொழிலாளர் பாலிசியைக் காட்டாத நிறுவனத்துக்குத் தளம் இல்லை என்று எழுத வேண்டும். தனியார் ஸ்டூடியோக்களுக்கும், அரசு இடங்களில் படப்பிடிப்பு அனுமதிக்கும், சிறு படங்களுக்கான மானியத்துக்கும் அதே நிபந்தனை வேண்டும். கலிபோர்னியா மாநிலம் வரிச்சலுகை பெறும் படங்களில் பாதுகாப்பு ஆலோசகரை நியமிக்க 2023-இல் சட்டம் செய்தது. அரசின் சலுகையைப் பெறுபவரிடம் பொறுப்பைக் கேட்பது நியாயம்தான். பெப்சியும் பாலிசி எண் பதிவாகாத படத்துக்குத் தன் உறுப்பினர்களை அனுப்ப மறுக்கலாம். அதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிலதிபர் பாதுகாப்பைச் செலவாகப் பார்த்துத் தவிர்க்க முடியாது, சட்டம் விடாது. பூந்தமல்லியில் படம் எடுப்பவருக்கும் அந்தச் சட்டமே பேச வேண்டும். திரைப்பட நகரத்தின் முதல் தளம் திறக்கும் முன்பே இந்த விதியை அரசு அறிவிக்கட்டும்.