துப்பாக்கி கேட்பதற்கு முன் ஒரு கணக்கு

ராகி கதிர் முற்றும் மாதங்களில் எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. கிராம சபை ஆகட்டும், உழவர் குழு ஆகட்டும், கல்யாணப் பந்தி ஆகட்டும், "காட்டுப்பன்னிக்கு என்ன வழி?" போன மாதம் எங்கள் குழுவில் ஒரு இளைஞர் நேரடியாகவே கேட்டார்: "சார், நீங்க பேங்க்ல ஆபீசரா இருந்தவரு. உங்களுக்குன்னா லைசென்ஸ் குடுப்பாங்க. நல்லதா ஒரு ரைஃபிள் வாங்கிப் போடுங்க, ஊருக்கே காவலா இருக்கும்." பக்கத்தில் இருந்தவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை ஏக்கர் நிலக்கடலையை இரண்டே ராத்திரியில் உழுது போட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போன பன்றிகளைப் பார்த்தவர் அந்த இளைஞர். அவர் கேட்டதில் தப்பு இல்லை. அதனால் அந்தக் கேள்வியை முழுசாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் நல்ல ரைஃபிள் என்றால் என்ன? பெரிய வேட்டைக்கு மேல்நாட்டார் வைத்திருப்பது மேக்னம் ரகம். மேக்னம் என்பது பெரிய மது பாட்டிலின் பெயர். கூடுதல் மருந்து பிடிக்கிற பெரிய தோட்டாவுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-ல் கொண்டுவந்த .375 மேக்னம் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பெரிய விலங்குகளைச் சுட்ட தோட்டா. 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் இன்றைக்கும் அமெரிக்காவில் வேட்டைக்காரர்களின் கையில் இருக்கிறது.

அந்த நாட்டு வேட்டைக்காரர்களில் ஒரு சாரார் கடையில் விற்கிற தோட்டாவை நம்புவதில்லை. வெற்றுக் கூடு, பற்றவைக்கும் மூடி, மருந்து, ஈயக்குண்டு நான்கையும் தனித்தனியாக வாங்கித் தாங்களே கெட்டித்துக்கொள்கிறார்கள். மருந்தை நிறுக்கும் அளவுக்குப் பெயர் கிரெய்ன். பழைய காலத்தில் ஒரு தானிய மணியின் எடை; நம் ஊரில் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். ஒரு மேக்னம் தோட்டாவுக்குச் சுமார் 70 கிரெய்ன் மருந்து, அதாவது நாலரை கிராம். அரைப் பவுனுக்குச் சற்று மேல். அதில் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கவனிக்கிறார்கள். அது ஆறரை மில்லிகிராம். நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து தராசு பார்த்தவன் நான். எங்கள் தராசு 10 மில்லிகிராமுக்குக் கீழே காட்டாது.

ஏன் இத்தனை நுணுக்கம்? ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த நம்பர் உள்ள இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடாது. குண்டின் எடை, மருந்தின் அளவு, குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றும்போது மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, 100 கஜத்தில் மூன்று அல்லது ஐந்து குண்டு சுட்டுப் பார்க்கிறார்கள். அத்தனை ஓட்டையும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் அந்தத் தோட்டா அந்தக் குழலுக்குப் பொருந்திவிட்டது. குறைந்த அளவில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். கூட்டில் அழுத்தத்தின் அடையாளம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இல்லையென்றால் வெடிப்பது சுடுகிறவன் முகத்துக்கு நேரே. எல்லாவற்றையும் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார்கள்.

இங்கே நம்மைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிற இந்தப் பழக்கம் இயற்கை விவசாயத்தில் இருக்கிற நமக்கு வேண்டும். ஒரே வாரத்தில் பஞ்சகவ்யா, மீன் அமிலம், தேமோர் கரைசல் மூன்றையும் அடித்துவிட்டு, "எது சார் வேலை செஞ்சது?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? நாலு பாத்தி தனியே விட்டு, நோட்டில் எழுதி வைத்தால் தெரியும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மேக்னமோ, அதற்கான கைத்தோட்டாவோ நம் கைக்கு வராது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பயிர்க் காவலுக்கு என்று அந்தச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால், உள்ளே வரி இல்லாத மொழுக்கைக் குழல் துப்பாக்கி வேறொன்று கொடுக்கலாம். அவ்வளவுதான். தோட்டா தயாரிப்பதற்கு வேறு உரிமம். துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதாலேயே வீட்டில் உட்கார்ந்து தோட்டா செய்ய முடியாது.

ஆக, நடைமுறையில் பேச்சு முடிவது நம் மலையோரக் கிராமங்கள் தலைமுறையாக அறிந்த நாட்டுத் துப்பாக்கியில். லைசென்ஸ் உள்ளது கொஞ்சம், இல்லாதது மிச்சம். அதுவும் ஒரு வகையில் கையால் கெட்டிப்பதுதான், ஆனால் தராசு கிடையாது. மருந்து உள்ளங்கை அளவு. குண்டுக்குப் பதில் கிடைத்த இரும்புத் துண்டு, சைக்கிள் பேரிங் உருண்டை. அடைக்கக் கந்தல் துணி. இன்று சுட்டது போல நாளை சுடாது. வரி வெட்டாத குழலில் உருண்டை சுழலாமல் போவதால் முப்பது நாற்பது அடி தாண்டினால் எங்கே படும் என்று சுட்டவருக்கே தெரியாது. ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், ஓடுகிற பன்றியைச் சுட்டால் பெரும்பாலும் சாகாது. வயிற்றிலோ தொடையிலோ வாங்கிக்கொண்டு புதருக்குள் போய்ப் படுக்கும். விடியற்காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் பெண்ணின் மேல் அது பாயும். காயம்பட்ட விலங்கின் கோபம் என்னவென்று இந்தப் பகுதிக்குத் தெரியாததா? கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் ஜவளகிரியும் கும்மளாபுரமும் வருகின்றன. பெங்களூரில் இருந்து வந்து இந்தக் காடுகளில் சுற்றியவர் அவர். கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைஃபிள். அதன் குண்டு 300 கிரெய்ன், இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அப்பேர்ப்பட்ட துப்பாக்கியோடு வந்தவரே காயம்பட்ட விலங்கைத் தேடிப் போவதைத்தான் அதிகம் பயந்து எழுதியிருக்கிறார்.

சரி, எப்படியோ ஒருவருக்கு நல்ல ரைஃபிளே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் சுடுகிற இடம் எது? ஆண்டர்சன் காலத்து ஓசூர் இல்லை இது. சூளகிரி, ஓசூர், தளி ரோடு பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் நின்று பாருங்கள். ஷிப்ட் முடிந்து டூவீலரில் போகிறவர்கள், கம்பெனி பஸ், ரோஜாப் பசுமைக்குடிலில் தங்கியிருக்கும் வடநாட்டுப் பிள்ளைகள், ராகிக் காட்டுக்குப் பக்கத்திலேயே போட்ட லேஅவுட், அதில் வாட்ச்மேன் குடிசை. ரைஃபிள் குண்டு இலக்கில் படாவிட்டால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். பின்னால் மண்மேடு இல்லாமல் சுடக் கூடாது என்பது வேட்டையின் முதல் பாடம். நம் காடுகளுக்குப் பின்னால் மண்மேடு எங்கே இருக்கிறது? பக்கத்து ஊர்தான் இருக்கிறது. நூறு கஜத்தில் ஓர் அங்குலத்தில் சுடுகிறவனாக இருந்தாலும் இந்த இடத்தில் அவனை நான் விடமாட்டேன்.

துப்பாக்கி இல்லாதவர்கள் போகிற இன்னொரு வழி இதைவிட மோசம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் நிலத்தைச் சுற்றிக் கள்ளத்தனமாக விட்டிருந்த மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. மனிதர்களும் அதில் சாகிறார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களே சாகிறார்கள். அவுட்டுக்காயும் அப்படித்தான், பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கிறது.

ஆனால் "சுடாதே, மின்சாரம் விடாதே, விலங்கை நேசி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு நான் சேரமாட்டேன். பன்றி ஒரு ஈற்றில் நாலு, ஆறு என்று போடுகிறது. நிலத்தில் இருந்து கிடைப்பதை வைத்தே கடன் கட்ட வேண்டிய குடும்பத்திடம் இந்த உபதேசம் எடுபடாது. பொறுப்பு அரசிடம் இருக்கிறது, அதைப் பாதியிலேயே விட்டிருக்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நின்ற பயிருக்குச் சேதம் செய்தால் சுட அனுமதிக்கும் அதிகாரம் 11-வது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு இருக்கிறது. அதை அவர் மற்ற அலுவலர்களுக்கும் கொடுக்கலாம். கேரளம் 2022-ல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர் வரை இறக்கியது. லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியல் போட்டு, அவர்களை வைத்துச் சுட்டு, உடலைப் புதைத்துவிட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு மாதிரி ஆணை போட்டது. காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத் துறை ஆட்களே சுடலாம்.

பயிற்சி பெற்ற ஆட்கள் என்பதை நான் முழு மனசோடு ஏற்கிறேன். மேலே சொன்ன அத்தனை காரணமும் அதற்குத்தான். ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி வரைபடத்தை எடுத்து வைத்துக் கோடு போடுங்கள். காப்புக்காடு கை விரல் மாதிரி ஊருக்குள்ளே நீண்டு கிடக்கிறது. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவித்தார்கள், காட்டுக்கு நல்லதுதான். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் எங்களில் எத்தனை? பன்றித் தொல்லை அதிகம் உள்ள ஊர்களெல்லாம் முதல் இரண்டு வளையத்துக்குள் இருக்கின்றன. அங்கே "பிடித்து விடுவது" ஒன்றே வழி என்றால், பிடிக்கக் கூண்டு எத்தனை, ஆள் எத்தனை, எத்தனை நாளில் வருவார்கள் என்று எழுதித் தர வேண்டும். பிடித்ததை ஒரு கிலோமீட்டர் தள்ளி விட்டால் அது ராத்திரியே திரும்பி வரும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நாம் செய்ய முடிவதும் உண்டு, ஆனால் அதிலும் மாயம் பேச வேண்டாம். சேலை கட்டுவது இரண்டு மூன்று வாரம் தாங்கும், பிறகு பன்றி பழகிவிடும். அழுகிய முட்டைக் கரைசல் மழை வரைக்கும். எனக்குத் தெரிந்து நின்று பலன் தருவது இரண்டு: அடிக் கம்பியை மண்ணுக்குள் ஓரடி புதைத்த வலை வேலி, அதையொட்டிக் கிளுவையும் ஆனைக்கற்றாழையும் நெருக்கமாக வைத்த உயிர்வேலி. தனி ஒருவர் வேலி போட்டால் பன்றி பக்கத்து நிலத்துக்குப் போகும். பத்துப் பேர் சேர்ந்து சுற்றிப் போட்டால் ஏக்கருக்கு ஆகும் செலவும் குறையும். சோலார் வேலியில் விட்டு விட்டு வரும் துடிப்பு மின்சாரம் மட்டும்தான் இருக்க வேண்டும், அதற்கென்று விற்கும் கருவியைத் தவிர வேறெதையும் கம்பியில் இணைக்கக் கூடாது. யானைக்கு இதெல்லாம் போதாது. பன்னேர்கட்டா பக்கம் இருந்து கூட்டமாக இறங்கும்போது வனத் துறைக்குச் சொல்லிவிட்டுப் பரணில் இருந்து இறங்காமல் இருப்பதே புத்தி.

இன்னொரு விஷயம், இது என் பழைய தொழில் சம்பந்தப்பட்டது. பயிர்க் காப்பீட்டில் வன விலங்கு சேதத்தைச் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது, 2026 காரிப் பருவத்தில் இருந்து. சேதம் நடந்து 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறியோடு படம் ஏற்ற வேண்டும். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று மாநில அரசு பட்டியல் அறிவித்தால்தான் அது நமக்குக் கிடைக்கும். அந்தப் பட்டியலில் கிருஷ்ணகிரி மாவட்டமும் காட்டுப்பன்றியும் யானையும் இருக்க வேண்டும். கடன் வாங்கும்போது பிரீமியம் பிடித்துக்கொள்வார்கள். ரசீதில் எந்தப் பயிர், எந்தச் சர்வே எண் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ராகி போட்டுவிட்டுக் காகிதத்தில் வேறு பயிர் இருந்தால் படம் எடுத்தும் பலன் இல்லை.

மே 1 கிராம சபையில் எங்கள் ஊரில் மூன்று தீர்மானம் வைக்கிறோம். காப்பீட்டுப் பட்டியலில் மாவட்டத்தைச் சேர்ப்பது ஒன்று. முதல் இரண்டு வளையத்துக்குக் கூண்டும் ஆளும் கால வரையறையோடு ஒதுக்குவது ஒன்று. கூட்டு வேலிக்கு மானியம் ஒன்று. துப்பாக்கி கேட்ட இளைஞர்தான் மனுவைத் தட்டச்சு செய்து தருகிறார். உங்கள் ஊரிலும் வைப்பதாக இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்கும் வேளாண் உதவி இயக்குநருக்கும் ஒரு நகல் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.