தேவதைகளுக்குத் தூக்கம் எதற்கு?

மே 12 வந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் தேவதைகள் வரிசையாக இறங்குவார்கள். வெள்ளை உடை, கையில் விளக்கு, கீழே தாதியர் தின வாழ்த்து. நானும் ஃபார்வர்ட் செய்தவன்தான். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஓர் அரசு மருத்துவமனையின் கீமோ அறையில் ஆறு தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, அந்தப் படத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

அங்கே நான் பார்த்தது தேவதைகளை அல்ல, வேலை தெரிந்தவர்களை. அம்மாவுக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று எபிரூபிசின். சிராப் தண்ணி மாதிரி சிவப்பாக இருக்கும். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். மிஸ்ஸி ஊசி சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். இன்னொரு மிஸ்ஸியைக் கூப்பிட்டு பெயர், மருந்து, அளவு மூன்றையும் சரிபார்த்தார். பிறகுதான் தொடங்கினார்.

"ஆன்ட்டி, எரிஞ்சா உடனே சொல்லணும். பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

தோட்டத்தில் மரம் வெட்டிய காலத்திலிருந்தே அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பொறுத்துக்கொள்வதுதான். அவரிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. பெரியம்மா கொடுத்த கஷாயத்தை ரகசியமாகக் குடித்துவந்ததை டாக்டரிடம் மறைத்தவர், அந்த மிஸ்ஸியிடம் ஒப்புக்கொண்டார்.

டாக்டருக்கு எங்களோடு பேசப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. வெளியே அவ்வளவு கூட்டம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் என்ன செய்வது என்று சொல்லித்தந்தவர் மிஸ்ஸிதான். "காய்ச்சல் 38 தொட்டா பானடோல் போட்டுப் படுக்காதீங்க. நடுராத்திரின்னாலும் வாங்க."

மூன்றாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் இரவு 38.3. "காலையில பாத்துக்கலாம்டா" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் அநேகமாகக் காலி. அந்த நிலையில் ஒரு சின்னக் கிருமியே ஆளை முடித்துவிடும். அன்று உதவியது என் பட்டப்படிப்பல்ல, மிஸ்ஸி சொன்ன அந்த ஓர் எண்.

நான் தொழிற்சாலையில் வேலை செய்யும் பொறியாளன். பிளாண்டை யார் வடிவமைத்திருந்தாலும், இரவு மூன்று மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து பார்ப்பவர் ஆபரேட்டர். விபத்து நடந்தால், அவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தார் என்று கேட்போம். ஆனால் தேவதையிடம் அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்? 2024இல் அரசாங்கத் தாதியரின் வார வேலையை 42 மணி நேரத்திலிருந்து 45 ஆக்குவதாக அறிவிப்பு வந்தது. தாதியர் எதிர்த்தார்கள், அமலாக்கம் தள்ளிப்போனது. அந்த மாதங்களில் எங்கள் குழுவில் ஒரு தேவதைகூட இறங்கவில்லை. "சேவை மனசு இல்லன்னா ஏன் இந்த வேலைக்கு வரணும்?" என்று மாமா மட்டும் எழுதினார்.

எரிந்து விழுந்த மிஸ்ஸியும் உண்டு. அம்மா அழுதார், எனக்கும் கோபம். பிறகு அன்று அந்த அறையில் இருந்த நாற்காலிகளை எண்ணினேன், தாதியரை எண்ணினேன். கோபம் போகவில்லை, யார் மீது என்பது மாறியது.

எழுதுபவர்களிடமும் எனக்குக் கணக்கு இருக்கிறது. நம் கதைகளில் புற்றுநோய் வந்தால் நோயாளி தத்துவம் பேசுவார், டாக்டர் தலைகுனிவார், தாதி டிரிப் மாற்றிவிட்டுப் போய்விடுவார். அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், டாக்டராகும் முன் தாதியாகப் பயிற்சி பெற்றவர். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், நேரம் தவறாமல் மார்பின் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவர். கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தவரின் அறிவு அது. அதற்கு நாம் வைத்த பெயர் 'அன்பு'. அறிவு என்று சொன்னால் சம்பளம் பேச வேண்டும், ஓய்வு பேச வேண்டும். அன்பு என்றால் வாழ்த்து அட்டை போதும்.

அடுத்த மே 12க்கு யாராவது எனக்கு விளக்கேந்திய தேவதையை அனுப்பினால், பதிலுக்கு ஒரே கேள்விதான் அனுப்பப்போகிறேன்: "அந்த மிஸ்ஸி நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்?"