ஒரு தொட்டிக்கும் பத்தாண்டு, ஒரு தோட்டத்துக்கும் பத்தாண்டா?

புதுதில்லி: பங்காருபாளையம் போன்ற நெடுஞ்சாலை ஊர்களில் வாகனங்களைச் சோதித்தே கஞ்சாவைத் தடுத்துவிடலாம் என்ற காலம் மலையேறிவிட்டது. 2021-இல் பெங்களூரை அடுத்த பிடதியில், வீட்டுக்குள் விளக்கொளியில் வளர்க்கப்பட்ட கஞ்சாவைப் போலீசார் பிடித்தனர். பகல் நேரம் குறைவதற்குக் காத்திராமல், குறிப்பிட்ட வயதில் தானே பூக்கும் ரகங்களும் வெளிநாடுகளில் புழக்கத்தில் உள்ளன.

சட்டமோ வயலைத் தாண்டி யோசிக்கவில்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 2001-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம், பிடிபடும் அளவுக்கேற்பத் தண்டனையை வகுத்தது. ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் இன்று அதிகபட்சம் ஓராண்டு சிறை. வளர்ப்புக் குற்றத்துக்கு மட்டும் அத்தகைய அளவுகோல் இல்லை. 20-ஆவது பிரிவின்படி ஒரு தொட்டியானாலும் ஒரு ஏக்கரானாலும் பத்தாண்டு வரை சிறை.

அறியா இளைஞனையும் வியாபாரியையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. செடிகளின் எண்ணிக்கைக்கேற்பத் தண்டனையை வரையறுப்பது நாடாளுமன்றத்தின் கடமை.